பழைய காரை மீட்டெடுக்கும் வேலை: சிறு பட்டறையில் எதை முதலில் தொடுவது, எதைக் கடைசியில் தொடுவது

பழைய கார் பட்டறைக்குள் வந்ததும் கை பரபரக்கும். சீட்டைக் கழற்றி, டேஷ்போர்டைப் பிரித்து, இன்ஜினையும் இறக்கி, ஒரே வாரத்தில் வண்டியை எலும்புக்கூடாக்கிவிடத் தோன்றும். பாதியில் நின்றுபோகும் வேலைகள் பெரும்பாலும் இப்படித் தொடங்கியவைதான். இடம் குறைவாக உள்ள பட்டறையில், கழற்றிய பொருள்கள் காரைவிட மூன்று மடங்கு இடத்தை அடைக்கும். எது எங்கிருந்து வந்தது என்பதும் மறந்துபோகும். அதனால் வேலையின் வரிசையை முதலில் முடிவு செய்யுங்கள்: ஆய்வு, இன்ஜின் சோதனை, தகடு, பிரேக், ஒயரிங், பெயின்ட், கடைசியில் உள் அலங்காரம். இதைக் குலைத்தால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய நேரும்.

பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

வண்டி ஓடும் நிலையில் இருந்தால், கழற்றும் முன் ஓட்டிப் பாருங்கள். கியர் தானாக வெளியே குதிக்கிறதா, கிளட்ச் வழுக்குகிறதா, பின் ஆக்ஸிலில் இரைச்சல் வருகிறதா, பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கிறதா என்பதெல்லாம் ஓட்டும்போதுதான் தெரியும். பிரித்தபின் கியர்பாக்ஸை மேஜைமேல் வைத்து எவ்வளவு நேரம் பார்த்தாலும் அந்தக் குறை கண்ணில் படாது.

அடுத்தது துரு. கையில் ஒரு சிறு காந்தமும் மழுங்கிய ஸ்க்ரூடிரைவரும் போதும். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி பாடி முழுக்க நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் தடித்த பட்டி (பள்ளம் நிரப்பும் பூச்சு) இருக்கிறது, அதற்கடியில் என்ன இருக்கிறதென்று அறுத்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பார்க்க வேண்டிய இடங்கள்: கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் சில், தரைத்தகட்டின் மூலைகள், பேட்டரி தட்டின் அடி, லீஃப் ஸ்பிரிங் பிடிமானங்கள், முன்கண்ணாடி ரப்பரின் கீழ்விளிம்பு, டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் குழி, முன் மட்கார்டின் உட்புறம். வெளியே ஒரு நாணயம் அளவு கொப்புளம் தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவு போயிருக்கும் என்று கணக்கு வையுங்கள். துரு பெரும்பாலும் தகட்டின் பின்பக்கம், தண்ணீர் தங்கும் மடிப்பில் தொடங்கி வெளியே வருகிறது.

விபத்தில் வளைந்த வண்டியா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். அடிப்பக்கம் இருபுறமும் ஒரே மாதிரி உள்ள நான்கு புள்ளிகளை, உதாரணமாகச் சஸ்பென்ஷன் போல்ட் துளைகளை, எடுத்துக்கொண்டு இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். வித்தியாசம் 5 மி.மீ.க்கு மேல் போனால் சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) கோணலாகியிருக்க வாய்ப்பு அதிகம். அதை நேராக்கும் மேடை பெரிய பட்டறைகளில்தான் இருக்கும். வேறு வண்டி தேடுவது புத்திசாலித்தனம்.

கழற்றத் தொடங்கும்போது ஒவ்வொரு பாகத்தையும் மூன்று கோணங்களில் படமெடுங்கள். போல்ட்டுகளை ஒரே டப்பாவில் கொட்டாதீர்கள். கூடுமானவரை அந்தந்தத் துளையிலேயே இரண்டு சுற்று திருகி விடுங்கள், மற்றவற்றைப் பையில் போட்டு பெயர் எழுதுங்கள். மக்கிய தகடானாலும், கிழிந்த ரப்பரானாலும், புதியது பொருந்தி முடியும்வரை எதையும் எறியக் கூடாது. அளவெடுக்க அது ஒன்றுதான் ஆதாரம்.

போல்ட்டின் நூல் (மரை) அளவு பற்றி ஒரு வார்த்தை. பழைய பிரிட்டிஷ் கார்களில் விட்வொர்த், பிஎஸ்எஃப் என்ற நூல் வகைகள் இருக்கலாம், பிற்கால பிரிட்டிஷ் கார்களில் யுஎன்எஃப், ஐரோப்பிய, ஜப்பானியக் கார்களில் மெட்ரிக். நெருங்கிய அளவுள்ள வேறு நூல் போல்ட் இரண்டு சுற்று உள்ளே போகும், பிறகு துளையின் நூலையே அரித்துவிடும். நூல் அளவி ஒன்று வாங்கி வையுங்கள்.

இடம், கருவி

காரைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு மீட்டர் நடக்க இடம் வேண்டும். முன்னால் இன்ஜினை வெளியே இழுக்க இன்னும் ஒன்றரை மீட்டர். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள். நான்கு ஆக்ஸில் ஸ்டாண்டுகள், உறுதியான தரை, இரண்டுக்கும் மாற்று கிடையாது. ஸ்பேனர், சாக்கெட் போக டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்), ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளி அளக்கும் தகடுகள்), மல்டிமீட்டர், கம்ப்ரஷன் கேஜ், 115 மி.மீ. கிரைண்டர், சிறிய மிக் வெல்டிங் மெஷின், சுத்தியலும் டாலியும் (தகட்டின் பின்னால் பிடிக்கும் இரும்புக் கட்டை) இருந்தால் வேலையின் பெரும்பகுதியை நீங்களே முடிக்கலாம். சிலிண்டர் போரிங், கிராங்க் கிரைண்டிங், குரோம் முலாம் இவற்றை வெளியே கொடுப்பதே சரி.

பழைய பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் பிளேட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைக் கழற்றியதும் காற்று அடித்துத் தூசியைப் பறக்கவிடாதீர்கள். சோப்புத் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் பாதுகாப்பாக அப்புறப்படுத்துங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அதையும் ஈரமாகவே தேய்க்க வேண்டும்.

நீண்ட நாள் நின்ற இன்ஜினை எழுப்புவது

ஆண்டுக்கணக்கில் நின்ற இன்ஜினில் பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்புவதும், கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்வதும் பெரிய சேதத்தில் முடியும். ஒரு வால்வு அதன் கைடில் (அது ஏறி இறங்கும் குழாயில்) ஒட்டியிருந்தால் போதும், புஷ்ராட் (வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பி) வளையும் அல்லது பிஸ்டன் வால்வில் மோதும். சிலிண்டர் சுவரில் படிந்த துரு ரிங்கை உடைக்கும்.

முதலில் பிளக்குகளை எல்லாம் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் 5 முதல் 10 மி.லி. ஊடுருவும் எண்ணெய் விடுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சம அளவு கலந்தாலும் நன்றாக வேலை செய்யும். அசிட்டோன் சீக்கிரம் ஆவியாகும், எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் அருகில் நெருப்பு கூடாது. மூன்று நான்கு நாள் ஊறட்டும். பிறகு ராக்கர் கவரைத் திறந்து, கிராங்க் புல்லி நட்டில் நீண்ட கைப்பிடி சாக்கெட் போட்டு இன்ஜின் சுழலும் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். அசையவில்லையென்றால் முன்னும் பின்னும் சிறிது சிறிதாக ஆட்டுங்கள். குதித்து ஏறி அழுத்தினால் நட் முறியும். அசைந்ததும் எல்லா ராக்கர்களும் (வால்வை அழுத்தும் கைகள்) ஒழுங்காக ஏறி இறங்குகின்றனவா என்று இரண்டு முழுச் சுற்று பாருங்கள்.

பழைய ஆயிலை வடித்து, ஃபில்டரை மாற்றி, புது ஆயில் ஊற்றுங்கள். பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரால் சுற்றவிட்டு ஆயில் அழுத்தம் கேஜில் ஏறுவதைப் பாருங்கள். 10 விநாடி சுற்றி ஒரு நிமிடம் ஸ்டார்ட்டரை ஆறவிட வேண்டும். அழுத்தம் ஏறியபின்தான் பிளக் மாட்டலாம்.

கம்ப்ரஷன் சோதனை இன்ஜினின் உடல்நிலையைச் சொல்லும். எல்லா பிளக்கும் கழற்றி, கார்புரேட்டரின் த்ராட்டில் முழுதாகத் திறந்து, நல்ல பேட்டரியுடன் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஐந்தாறு சுற்று. 8:1 கம்ப்ரஷன் விகிதமுள்ள ஆரோக்கியமான இன்ஜினில் பொதுவாக 120 முதல் 150 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) வரும். இந்த அளவைவிட சிலிண்டர்களுக்கிடையே உள்ள வித்தியாசம் முக்கியம், 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள், அளவு ஏறினால் ரிங்கோ போரோ (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருக்கிறது. ஏறவில்லையென்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்களும் சேர்ந்து குறைந்தால் அவற்றுக்கிடையே கேஸ்கட் போயிருக்கிறது.

பெட்ரோல் டேங்கில் பழைய பெட்ரோல் வார்னிஷாகிப் படிந்திருக்கும். முதல் ஸ்டார்ட்டுக்கு டேங்கையே தொடாதீர்கள். சிறிய தனிக் குடுவையிலிருந்து புதுப் பெட்ரோல் கொடுங்கள். டேங்கைத் தனியாகக் கழற்றி, லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி ஒரு நாள் வைத்தால் துரு கரையும். வடித்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அலசி, உடனே வெந்நீர் ஊற்றி வடித்துக் காற்றடித்துக் காயவைக்க வேண்டும். ஈரமாக விட்டால் சில நிமிடங்களிலேயே புதுத் துரு படரும். டேங்கில் ஓட்டை இருந்தால் வெல்டிங் பக்கமே போகாதீர்கள். எவ்வளவு கழுவினாலும் மடிப்புகளில் பெட்ரோல் ஆவி தங்கும், அது வெடிக்கும். ரேடியேட்டர், டேங்க் பழுதுபார்க்கும் தொழில்காரரிடம் கொடுங்கள்.

பழைய எரிபொருள் ரப்பர் குழாய்களை ஒன்று விடாமல் மாற்றுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை ஊறவைத்துப் பிளக்கும். புதுக் குழாய் எத்தனாலைத் தாங்கும் தரமா என்று மேலே அச்சிட்டதைப் படித்து வாங்குங்கள். கார்புரேட்டருக்கு முன் ஒரு ஃபில்டர் வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டரில் திறந்து மூடிப் பொறியைத் தூண்டும் பாயின்ட்டின் இடைவெளி பெரும்பாலான நான்கு சிலிண்டர் கார்களில் 0.35 முதல் 0.40 மி.மீ. வரை, உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளதே இறுதி. புது கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்ட, பழைய வகைத் தட்டை டாப்பெட் (கேம் தள்ளும் பாகம்) உள்ள இன்ஜினாக இருந்தால், ஸ்டார்ட் ஆனவுடன் மெதுவாக ஓடவிடக் கூடாது. நிமிடத்துக்கு 2000 முதல் 2500 சுற்றில் 20 நிமிடம் ஓடவேண்டும், அப்போதுதான் கேமும் டாப்பெட்டும் ஒன்றுக்கொன்று பதப்படும். ஸ்டார்ட் ஆகாமல் நீண்ட நேரம் சுற்றினால் மாட்டும்போது பூசிய எண்ணெய் வழிந்து கேம் முனை தேய்ந்துவிடும், எனவே டைமிங்கும் கார்புரேட்டரும் முன்பே சரியாக இருக்க வேண்டும். இந்த இன்ஜின்களுக்குத் துத்தநாகச் சேர்மம் போதுமான அளவுள்ள ஆயில் தேவை. இன்றைய கார்களுக்கான பல ஆயில்களில் அது குறைவு.

துருவும் தகடும்

இந்த வேலை அவசரத்தை மன்னிக்காது. இதில் விட்ட குறையைப் பட்டியும் பெயின்ட்டும் சில மாதம்தான் மறைக்கும்.

மக்கிய தகடு எங்கே முடிகிறது என்று முதலில் தெரிய வேண்டும். கம்பிப் பிரஷ் அல்லது பெயின்ட் நீக்கும் டிஸ்க் போட்டு வெள்ளையான உலோகம் தெரியும்வரை தேய்த்து, அதன்பிறகு 20 மி.மீ. நல்ல தகட்டையும் சேர்த்து அறுத்தெடுங்கள். துரு தின்று காகிதம்போல் மெலிந்த விளிம்பில் வெல்டிங் நிற்காது, தீ பட்டதும் ஓட்டை பெரிதாகும். புதுத் தகட்டின் தடிமன் வெளிப்புறப் பேனல்களுக்கு 0.8 முதல் 1 மி.மீ., தரைக்கு 1 முதல் 1.2 மி.மீ., சில், சேஸிஸ் போன்ற பாரம் தாங்கும் இடங்களுக்கு 1.2 முதல் 1.6 மி.மீ. வரை. மேலே ஒட்டுத்தகடு வைத்து வெல்டிங் செய்வது சுலபம்தான். ஆனால் இரண்டு தகடுகளுக்கிடையே ஈரம் தங்கி அங்கே மறுபடி மக்கும். வெளிப்பேனலில் விளிம்போடு விளிம்பு சேர்க்கும் முறையே சரி.

வெல்டிங் மெஷினில் 0.6 மி.மீ. கம்பி, ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு, நிமிடத்துக்கு 8 முதல் 12 லிட்டர். வாயு இல்லாமல் ஓடும் ஃப்ளக்ஸ் கம்பி மெல்லிய தகட்டுக்கு அதிகச் சூடு. அறுத்த அதே தகட்டின் துண்டில் முதலில் சோதித்துப் பாருங்கள். பின்பக்கம் சிறிய மேடு தெரிந்தால் ஊடுருவியிருக்கிறது, எதுவும் தெரியாவிட்டால் மேலே மட்டும் ஒட்டியிருக்கிறது. இரண்டு விளிம்புகளுக்கிடையே சுமார் 1 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

நெளிவுதான் எல்லோரையும் சோதிக்கும். சூடான வெல்டிங் ஆறும்போது சுருங்கித் தகட்டை இழுக்கிறது. அகன்ற தட்டையான பேனலில் ஒரே மூச்சில் கோடு போட்டால் அது அலையடிக்கும். 25 முதல் 30 மி.மீ. இடைவெளியில் புள்ளிப் புள்ளியாகப் பற்றவைத்து, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குத் தாவி, மறுபடி இடைவெளிகளின் நடுவில் ஒரு புள்ளி, மறுபடி நடுவில் ஒன்று என்று நிரப்புங்கள். பக்கத்துப் புள்ளியில் உள்ளங்கை வைக்க முடியும் அளவுக்கு ஆறியபின்தான் அடுத்தது. தண்ணீர் ஊற்றியோ ஈரத்துணி போட்டோ ஆற்றாதீர்கள். முடிந்ததும் பின்னால் டாலி பிடித்து வெல்டிங் கோட்டின் மேல் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள், சுருங்கிய உலோகம் நீண்டு தகடு தளர்ந்து சமமாகும். கிரைண்டர் வைக்கும்போதும் ஒரே இடத்தில் நிற்காதீர்கள், அந்தச் சூடும் நெளிக்கும்.

சில் மாற்றுவது தனி விஷயம். தனிச் சேஸிஸ் இல்லாத கார்களில் சில்தான் வண்டியின் முதுகெலும்பு. அறுக்கும் முன் கதவு வாசலின் குறுக்கே 25 மி.மீ. சதுரக் குழாயை முன்தூணிலிருந்து நடுத்தூண்வரை மேலும் கீழுமாக இரண்டு இடத்தில் தாற்காலிகமாகப் பற்றவையுங்கள். ஒருபக்கம் முடிந்தபின்தான் மறுபக்கம். கூரை இல்லாத கார் என்றால் இன்னும் கவனம், நடுவில் தொங்கிவிடும். புதுச் சில்லை க்ளாம்ப் போட்டு நிறுத்தி, கதவை மாட்டி மூடிப் பாருங்கள். கதவைச் சுற்றி இடைவெளி மேலிருந்து கீழ்வரை 4 முதல் 5 மி.மீ. சமமாக வந்தால் புள்ளி வையுங்கள். பிறகு மறுபடி கதவை மூடிப் பாருங்கள். சரியாக இருந்தால்தான் முழு வெல்டிங். கதவைக் கழற்றி வைத்துவிட்டுச் சில்லை முழுதாக வெல்டிங் செய்தவர்கள் பலருக்குக் கதவு பிறகு மூடுவதில்லை. தொழிற்சாலை ஸ்பாட் வெல்டிங் இருந்த விளிம்புகளில் 6 முதல் 8 மி.மீ. துளை போட்டு, அதில் வெல்டிங் நிரப்பினால் அதே பலம் கிடைக்கும். மூடப்படும் உள்முகங்களில் வெல்டிங் தாங்கும் துத்தநாகப் பிரைமரை முன்பே பூசுங்கள்.

துத்தநாகம் பூசிய தகட்டை வெல்டிங் செய்யும் முன் பூச்சைத் தேய்த்தெடுங்கள், அந்தப் புகை காய்ச்சல் வரவழைக்கும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் செய்யவே கூடாது, வெப்பத்தில் ஃபாஸ்ஜீன் என்னும் நச்சுவாயு உண்டாகும். பேட்டரி, பெட்ரோல் டேங்க், சீட், ஒலித்தடுப்புப் பட்டைகள் வண்டியை விட்டு வெளியே இருக்க வேண்டும். வேலை முடிந்து ஒரு மணி நேரம் ஆகும்வரை பட்டறையைப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள், தரைவிரிப்பின் கீழ் பொறி புகைந்துகொண்டிருக்கலாம்.

சிறிய பாகங்களின் துருவை மின்பகுப்பால் எடுப்பது அருமையான முறை. பிளாஸ்டிக் தொட்டியில் 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா கரைத்து, துருப்பிடித்த பாகத்தைப் பேட்டரி சார்ஜரின் மைனஸுடனும், பழைய இரும்புத்தகட்டைப் பிளஸ்ஸுடனும் இணையுங்கள், இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. பிளஸ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைத்தால் விஷமான குரோமியம் தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜன் வெளிவரும், திறந்த வெளியில் செய்யுங்கள். ஸ்பிரிங், கடினப்படுத்திய போல்ட் இவற்றை இதில் போடக் கூடாது, ஹைட்ரஜன் ஏறி நொறுங்கும்.

பிரேக்

பழைய பிரேக் சிஸ்டத்தில் எதையும் நம்பாதீர்கள். ரப்பர் ஹோஸ்கள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்துக்கொண்டிருக்கும். அப்போது மிதியை விட்டாலும் பிரேக் விடாது. ஹோஸ்களைப் புதிதாக மாற்றுங்கள். இரும்புக் குழாய்களுக்குப் பதில் தாமிர நிக்கல் குழாய் போட்டால் துருப்பிடிக்காது, கையால் வளைக்கலாம். பெரும்பாலும் 4.75 மி.மீ. வெளிவிட்டம். முனையை விரிக்கும்முன் இருக்கும் குழாயைப் பார்த்து எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். 45 பாகை இரட்டை விரிப்பும், குமிழ் விரிப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தாது, இறுக்கினால் பிடித்ததுபோல் தோன்றிப் பிறகு கசியும். குழாயில் அழுத்தி இறுக்கும் இணைப்புத் துண்டுகள் பிரேக்கில் கூடவே கூடாது.

வீல் சிலிண்டருக்குள் குழிக்குழியாக அரித்திருந்தால் ஹோனிங் செய்து (உட்சுவரைத் தேய்த்து) புது ரப்பர் வாஷர் போடுவது வீண், சில வாரத்தில் கசியும். புதியது மாட்டுங்கள் அல்லது ஸ்லீவ் (உள்ளே புதுக் குழாய்) போடக் கொடுங்கள். பிரேக் எண்ணெயில் டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைகால் வகை. டாட் 5 சிலிகோன், மற்றவற்றோடு கலக்கக் கூடாது. கிளைகால் எண்ணெய் பெயின்ட்டைக் கரைக்கும், சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுங்கள். பிரேக் குழாய்களிலிருந்து காற்றெடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்கு (பிரேக் மிதி அழுத்தும் சிலிண்டர்) மிகத் தொலைவிலுள்ள சக்கரத்திலிருந்து தொடங்குவது பொதுவழக்கம், கையேடு வேறு வரிசை சொன்னால் அதுவே சரி.

சஸ்பென்ஷன் புஷ்களை (இணைப்புகளில் உள்ள ரப்பர் உருளைகள்) புதிதாகப் போடும்போது ஒரு நுணுக்கம். உலோகச் சட்டையோடு ஒட்டிய ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை வண்டி ஜாக்கில் தொங்கும்போது இறுக்கினால், தரையில் இறக்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே பிடித்துக்கொள்ளும், சில மாதத்தில் கிழியும். நான்கு சக்கரமும் தரையில் நிற்க, வண்டியின் எடை முழுதும் ஏறியபின்தான் கடைசி இறுக்கம்.

ஒயரிங்

துணி சுற்றிய பழைய ஒயர்கள் தொட்டாலே உதிரும். நாலைந்து இடங்களில் ஒட்டுப்போட்டதைத் தொடராமல் முழு ஒயரிங்கும் புதிதாகப் போடுவது நேரத்தை மிச்சப்படுத்தும். பேட்டரிக்கு அருகிலேயே ஒரு முதன்மை ஃபியூஸ் வேண்டும். பல பழைய கார்களில் இரண்டே ஃபியூஸ்தான், பெரும்பாலான ஒயர்களுக்குப் பாதுகாப்பே கிடையாது.

ஹெட்லைட் மங்கலாக எரிந்தால் பல்பைக் குறை சொல்லாதீர்கள். மல்டிமீட்டரை ஒரு முனை பேட்டரி பிளஸ்ஸிலும் மறுமுனை பல்பின் பிளஸ்ஸிலும் வைத்து, விளக்கு எரியும்போது அளந்து பாருங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ இழப்பு. மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். பழைய சுவிட்ச் வழியாக இரண்டு 55 வாட் விளக்குக்கும் 9 ஆம்பியருக்கு மேல் ஓடுகிறது, அதுதான் காரணம். ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) போடுங்கள். அதன் முனைகளில் எண் இருக்கும்: 30க்குப் பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 2.5 சதுர மி.மீ. ஒயர், 87லிருந்து விளக்குகளுக்கு, 86க்கு சுவிட்சிலிருந்து வரும் பழைய ஒயர், 85 எர்த். ஹைபீமுக்குத் தனி ரிலே. எர்த் இணைப்பில் பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளை உலோகத்தில் இறுக்கி மேலே கிரீஸ் தடவுங்கள். இரவில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

பாசிட்டிவ் எர்த் கார்களை (பேட்டரியின் பிளஸ் முனை பாடியோடு இணைந்தவை) நெகட்டிவ் எர்த்தாக மாற்ற, பேட்டரியைத் திருப்பி, காயிலின் இரண்டு முனைகளையும் அம்மீட்டர் ஒயர்களையும் இடம் மாற்றி, டைனமோவின் ஃபீல்டு முனையில் ஒயரைக் கழற்றிவிட்டுப் பேட்டரி உயிர்முனையை ஓரிரு விநாடி தொட்டு மறுதுருவப்படுத்த வேண்டும். பல்பும் பழைய வகை ஸ்டார்ட்டரும் எந்தத் திசையிலும் வேலை செய்யும். ரேடியோவும் எலெக்ட்ரானிக் பம்ப்பும் எரிந்துவிடும், முன்பே கழற்றுங்கள்.

பெயின்ட்

சுத்தமான உலோகத்தின் மேல் முதலில் இரண்டு பகுதி எபாக்ஸி பிரைமர். அதன் மேல்தான் பட்டி, தடிமன் 2 முதல் 3 மி.மீ.க்குள். அதைவிடத் தடிப்பாகத் தேவைப்பட்டால் தகட்டைத் தட்டிச் சமமாக்கும் வேலை முடியவில்லை. அமில பிரைமரின் மேல் பாலியெஸ்டர் பட்டி ஒட்டி நிற்காது. பட்டியை நீண்ட கட்டையில் 80 எண் உப்புத்தாள் சுற்றித் தேய்த்து, 180ல் முடித்து, தடித்த பிரைமர் மூன்று கோட். அது நன்றாகக் காயும்வரை பொறுங்கள். அவசரப்பட்டு மேலே நிறம் அடித்தால் ஒரு மாதத்தில் பிரைமர் சுருங்கி பட்டியின் விளிம்பு கோடாகத் தெரியும். பிரைமரின் மேல் கறுப்புத் தூளோ மெல்லிய கறுப்புப் பெயின்ட்டோ தூவி 400ல் தேய்த்தால் பள்ளங்கள் கறுப்பாகவே நிற்கும், கண்ணைவிட அது துல்லியம். நிறத்துக்குமுன் 600ல் ஈரத் தேய்ப்பு.

ஸ்ப்ரே துப்பாக்கியின் முனை தடித்த பிரைமருக்கு 1.7 முதல் 2 மி.மீ., நிறத்துக்கும் கிளியருக்கும் (நிறமற்ற மேல்பூச்சு) 1.3 முதல் 1.4. தூரம் 15 முதல் 20 செ.மீ., ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். மீன்கண்போல் வட்ட வட்டமாக விலகினால் மேற்பரப்பில் சிலிகோனோ காற்றுக் குழாயில் எண்ணெயோ இருக்கிறது. சிலிகோன் பாலிஷ், டயர் பளபளப்பி எதையும் பட்டறைக்குள்ளேயே வைக்காதீர்கள். ஆரஞ்சுத் தோல்போல் வந்தால் காற்றழுத்தம் குறைவு அல்லது தின்னர் குறைவு, இரண்டு கோட்டுக்கிடையே 10 முதல் 15 நிமிடம் காத்திராவிட்டால் கரைப்பான் உள்ளே சிக்கிப் பின்னால் கொப்புளமாகும். ஹார்டனர் கலந்த பெயின்ட்டில் ஐசோசயனேட் இருக்கிறது. வடிகட்டி முகமூடியை நம்பாதீர்கள். வெளிக்காற்று கொடுக்கும் முகக்கவசம் இல்லையென்றால் இந்த வேலையை வெளியே கொடுத்துவிடுங்கள், ஒருமுறை ஒவ்வாமை வந்தால் ஆஸ்துமா வாழ்நாள் முழுக்கத் தொடரலாம்.

பெயின்ட் நன்கு காய்ந்தபின் சில், தூண், கதவின் உட்புறம் எல்லாவற்றிலும் நீண்ட குழாய் நுழைத்து மெழுகு பீய்ச்சுங்கள். அடியில் உள்ள வடிகால் துளைகளை அது அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விருப்பப்படி மாற்றுவது

அசல் பாகங்களை வைத்துக்கொண்டு, பிறகு திரும்பப் பொருத்தக் கூடிய மாற்றங்களையே முதலில் செய்யுங்கள். அசலுக்குரிய துளையை விட்டு வேறு இடத்தில் அறுத்த பேனலைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது மிகக் கடினம். எலெக்ட்ரானிக் இக்னிஷன், ரிலே, ஆல்டர்னேட்டர் மூன்றும் நிதம் ஓட்டும் காருக்குப் பெரிய நிம்மதி. இக்னிஷன் மாட்யூல் போடும்முன் காயிலின் முதல் சுற்றின் மின்தடையை அளந்து பாருங்கள். பாயின்ட் காரில் பொதுவாக 3 ஓம், பல்லாஸ்ட் வகையில் (வெளியே தனி மின்தடை உள்ளது) 1.5 ஓம். மாட்யூல் தாங்காத குறைந்த தடைக் காயில் அதை எரித்துவிடும். ஆல்டர்னேட்டர் மாற்றினால் பழைய அம்மீட்டர் அந்த மின்னோட்டத்தைத் தாங்காது, வோல்ட்மீட்டராக மாற்றி, 6 முதல் 10 சதுர மி.மீ. தடித்த கேபிள் பேட்டரிக்கு நேராக ஓட்டுங்கள்.

முன் டிரம்மை டிஸ்க்காக மாற்றும்போது பெரும்பாலோர் தவறவிடுவது எஞ்சிய அழுத்த வால்வு. டிரம் சிஸ்டத்தின் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள இந்த வால்வு, வீல் சிலிண்டரின் ரப்பர் வாஷர் பிரிந்து காற்று இழுக்காமலிருக்க லைனில் சுமார் 10 பிஎஸ்ஐ எப்போதும் நிறுத்தும். அந்த அழுத்தம் டிஸ்க்கில் பேடை ஒட்டியே வைத்துத் தேய்த்துச் சூடாக்கும். டிஸ்க் லைனுக்கு அந்த வால்வு கூடாது. மாஸ்டர் சிலிண்டர் காலிப்பரைவிட (டிஸ்க்கில் பேடை அழுத்தும் பாகம்) தாழ்வான மட்டத்தில் இருந்தால் மட்டும் 2 பிஎஸ்ஐ வால்வு வேண்டும். ஒற்றைச் சுற்றுள்ள (நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் எண்ணெய் வழி) கார்களில் இதோடு இரட்டைச் சுற்று மாஸ்டரும் போட்டுவிடுங்கள், குழாய் ஒன்று பிளந்தாலும் பாதி பிரேக் மிஞ்சும். துளை பெரிய மாஸ்டர் மிதி ஓட்டத்தைக் குறைக்கும், ஆனால் காலால் அதிகம் அழுத்த வேண்டும். குதிரைத்திறன் கூட்டும் எந்த மாற்றமும் பிரேக் முடிந்த பிறகே.

சக்கர அளவு மாற்றினால் மொத்த விட்டத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். ரிம் அங்குலம் பெருக்கல் 25.4, கூட்டல் இருமடங்கு பக்கச்சுவர் உயரம். 165 ஆர் 13 என்ற பழைய டயரில் பக்கச்சுவர் அகலத்தில் சுமார் 82 சதவீதம், விட்டம் 601 மி.மீ. 185/70 ஆர் 13 போட்டால் 589, அதாவது 2 சதவீதம் குறைவு. ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிட அவ்வளவு கூடுதலாகக் காட்டும். 3 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ரிம்மின் ஆஃப்செட்டை (ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது மாட்டும் முகத்துக்கும் உள்ள தூரம்) குறைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளினால் பேரிங்கின் மேல் பளு கூடும், ஸ்டீயரிங் முழுதாகத் திரும்பும்போது மட்கார்டை உரசும். திருப்பி, சஸ்பென்ஷனை முழுக்க அமுக்கிப் பார்க்க வேண்டும்.

சீட் பெல்ட் இல்லாத கார்களில் பொருத்துவது அவசியமான மாற்றம். வெறும் தகட்டில் துளை போட்டு மாட்டினால் இழுவையில் போல்ட் தகட்டைக் கிழித்துக்கொண்டு வரும். 3 மி.மீ. தடிமனில் உள்ளங்கை அளவு தகட்டைப் பின்னால் வெல்டிங் செய்து, 7/16 யுஎன்எஃப் உயர்தர போல்ட் போடுங்கள். துருப்பிடித்த தரையில் இதைச் செய்யக் கூடாது, தகடு வேலை முடிந்தபின்தான். வாகனத்தின் பதிவுக்கும் தகுதிச் சோதனைக்கும் எந்த மாற்றம் அனுமதி என்பது ஒவ்வொரு நாட்டிலும் மாறும், இன்ஜின், பிரேக், சேஸிஸ் தொடும் முன் அதை விசாரித்துவிடுங்கள்.

முதல் ஓட்டம்

முதல் 10 கிலோமீட்டரைப் போக்குவரத்து இல்லாத சாலையில் மெதுவாக ஓட்டுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான்கு சக்கர மையத்தின் அருகிலும், தொடாமல், கையை வைத்து வெப்பம் பாருங்கள். ஒன்று மட்டும் கூடுதலாகச் சுட்டால் பிரேக் பிடித்திருக்கிறது அல்லது பேரிங் இறுகியிருக்கிறது. 50 கிலோமீட்டரில் சக்கர நட்டுகளையும், 200 கிலோமீட்டரில் சஸ்பென்ஷன் போல்ட்டுகளையும் மறுபடி டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். பழைய வகை ஹெட் கேஸ்கட்டானால் கையேடு சொல்லும் நேரத்தில் ஹெட் போல்ட்டையும். கசிவு தெரிய அட்டை ஒன்றை வண்டியடியில் விரித்து இரவு நிறுத்துங்கள்: ஆயில் கறுப்பு, கியர் ஆயில் கடும் மணம், பிரேக் எண்ணெய் வெளிறிய மஞ்சள், கூலன்ட் பச்சை அல்லது ஆரஞ்சு. புது இன்ஜினின் ஆயிலையும் ஃபில்டரையும் 500 கிலோமீட்டரில் மாற்றி, ஃபில்டரை அறுத்துத் திறந்து மடிப்புகளைக் கண்ணாலும் காந்தத்தாலும் தேடுங்கள். நுண்ணிய சாம்பல் நிறப் பொடி இருந்தால் அது ரிங் பதப்படும் அடையாளம், கவலை வேண்டாம். மின்னும் செதில்கள் இருந்தால் ஓட்டத்தை நிறுத்தி பேரிங்கைத் திறந்து பாருங்கள்.